கரும்பலகையில் நாலு அம்புக்குறி

கெல்சென்கிர்ச்சன்
23 செப்டெம்பர் 2024

அன்பு மருமகள் தேனுஜாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா, அதாவது என் உடன்பிறந்த தங்கை, நம்பமாட்டாள். ஜெர்மனியின் எட்டுக் கோடிச் சனத்தில் ஒருவர்கூட நம்பமாட்டார்கள். அந்த எட்டுக் கோடியில் ஒருவர் தாம் நம்பவில்லை என்பதை ஏற்கெனவே பதினேழு பக்கத்தில் எழுதி முத்திரை குத்தி அனுப்பியும் விட்டார். ஆகையால் யாராலும் நம்பமுடியாத கதை இது என்று சூரிய சந்திரர் சாட்சியாகச் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

நீ ஐந்து மாதமாக என் தொலைபேசியை எடுப்பதில்லை. உன் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் மண்டபத்தில் உன்னை 'ஜெர்மன் உச்ச நீதிமன்ற நீதிபதி' என்று ஒலிவாங்கியில் அறிமுகம் செய்தது குற்றந்தான். ஆனால், 'ஹனோவரில் ஒரு சின்ன அறையில் அகதி வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி' என்று சொல்லியிருந்தால் யார் கை தட்டியிருப்பார்கள்? கைதட்டலில் கூரை ஓடு மூன்று விழுந்ததை நீயும் பார்த்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பெஹ்ரூஸ் என்று ஓர் ஈரான்காரர். வயது நாற்பத்தொன்று. ஊரில் கணித ஆசிரியர். மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான். எங்கள் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் அகதி விடுதியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வருவார். அப்படித்தான் பழக்கம். மாவீரர்! இருபதாயிரம் பேர் கூடிய சதுக்கத்தில் முல்லாக்களின் ஆட்சியை எதிர்த்து முழங்கி, பதினொரு நாள் சிறையில் கிடந்து, சிறைக் கூரையிலிருந்து குதித்து, ஒரு பாழ்ங்கிணற்றில் மூன்று நாள் ஒளிந்திருந்து தப்பியவர். இவ்வளவையும் கேட்ட பிறகு அகதி அலுவலகத்தில் நிராகரித்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை அந்த முடிவோடு மஞ்சள் உறை வந்தது. இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளில், வழக்குப் போடாவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

உறையை வாங்கிய நேரத்திலிருந்து அந்த மனிதர் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நான் சோறு கொண்டுபோனேன். தட்டை வாங்கி மடியில் வைத்தார். திரும்பி வரும்போதும் அது மடியிலேயே இருந்தது. பிள்ளை, சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து கோணியிருப்பதைப் பார்.

முடிவின் பிரதி இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
ரூர் நாட்டு நாவேந்தன், உன் கனகலிங்கம் மாமா


ஹனோவர்
26 செப்டெம்பர் 2024

மாமா,

என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் பேசமாட்டேன். கோபம் ஒரு காரணம். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு மூன்று பேர் தங்கள் மகன்மாரின் ஓட்டுநர் உரிமத்தை மீட்டுத் தரச் சொல்லி என் வீட்டுக்கே வந்தார்கள். மற்றக் காரணம், தொலைபேசியில் உங்கள் கதை நிமிடத்துக்கு நிமிடம் வளரும். எழுதினால் ஓரிடத்தில் நிற்கும். எனக்கு நிற்கிற கதை வேண்டும்.

பதினேழு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். அவர் சிறையில் இருந்ததாகச் சொல்லும் பதினொரு நாளில் நாலு நாள் பள்ளியில் பரீட்சை வைத்ததாக அவரே வேறு இடத்தில் சொல்கிறார். அந்தப் பெரிய சதுக்கத்தின் பெயரைக் கேட்டால் தெரியவில்லை. கிணற்றின் ஆழம் முதலில் எட்டு மீட்டர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது மீட்டர்.

கிணறு என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அந்தக் கிணற்றை எனக்கு நாலு வயதிலிருந்து தெரியும், மாமா. அது ஈரானில் இல்லை. உங்கள் ஊர்க் கோண்டாவிலில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஒவ்வொரு பிறந்தநாளிலும் நீங்கள் அதற்குள் இறங்கி மூன்று நாள் இருப்பீர்கள்.

அவருடைய அகதிக் கேஸை எழுதியது நீங்கள்தானே?

இன்னொன்று. முழு விசாரணையிலும் அவர் தடுமாறிச் சொன்ன ஒரு வரி இருக்கிறது: 'தேர்தலில் நிற்க மனுப் போட்டேன்.' உடனே அதிகாரி கேட்கிறார்: மதத் தலைவர்கள் ஆளும் நாடு என்றால் அங்கே தேர்தல் எப்படி? தேர்தல் நடத்தும் நாடு என்றால் அதில் நிற்க வந்தவரை ஏன் துன்புறுத்த வேண்டும்? அடுத்த வரி: 'விண்ணப்பதாரர் மௌனமாக இருந்தார்.' ஓர் ஆசிரியருக்குத் தன் நாட்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் தெரியாமலா போகும்? யார் அவரை மௌனமாக இருக்கச் சொன்னது?

அதிகாரப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி இன்றே அனுப்புங்கள். 4ஆம் தேதிக்கு முன்னர் வழக்கைப் போட்டுவிடுவேன். அது வாசல் மட்டுந்தான். உள்ளே போக எனக்கு உண்மை வேண்டும். எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

தேனுஜா


கெல்சென்கிர்ச்சன்
29 செப்டெம்பர் 2024

அன்பு மருமகளுக்கு,

கையெழுத்து இத்துடன். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்து, நான் விட்ட மூச்சில் எதிர்வீட்டு யன்னல் கண்ணாடி வெடித்தது. மூன்றாம் தரம் கோபம் வரவில்லை.

ஓம், நான்தான் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பதினான்கு பக்கம். அவர் அதைத் தம் மொழியில் மாற்றி எழுதி, விடுதியின் படிக்கட்டில் இருந்து பாடமாக்கினார். கணித ஆசிரியருக்குப் பொய்யை மனப்பாடம் செய்வது கஷ்டம் போலிருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்க்கிற பழக்கம் விடவில்லை.

உனக்கு அந்தக் காலம் தெரியாது. நாங்கள் வந்திறங்கிய எண்பதுகளில், இந்த ஊரில் பாதிச் சனத்துக்குக் கேஸ் எழுதிக் கொடுத்த கை இது. எங்களுக்கு இரண்டு விதி. சின்னதாக நடந்திருந்தால் பெரிதாகச் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னவனுக்கு அந்த நாளில் ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டாவது, அரசாங்கம் நடத்தும் தேர்தல் பக்கம் போனதாக மூச்சும் விடக்கூடாது. போனவன் என்றால் அரசாங்கத்தின் ஆள் என்று எழுதி மூடிவிடுவார்கள்.

ஏப்ரல் மாதம் அன்னதானப் பந்தியில் பெஹ்ரூஸ் என் பக்கத்தில் இருந்தார். நாங்கள் இருவரும் ஜெர்மன் பேசுவது, ஒரே மிதிவண்டியை இரண்டு பேர் எதிரும் புதிருமாக மிதிப்பது போல. ஆனாலும் அன்று பேசியது முழுக்க நினைவிருக்கிறது.

"பாராளுமன்றத் தேர்தலுக்கு மனுப் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். காகிதம் வைத்திருக்கிறேன்."

"காகிதத்தில என்ன கிடக்கு?"

"நான் மதத்தை நடைமுறையில் கடைப்பிடிக்கவில்லையாம். தொழுகை தவறாதவன் நான்."

"பிறகு?"

"வகுப்பில் கரும்பலகையில் நாலு சொல் எழுதி, நாலு அம்புக்குறி போட்டேன்."

"அம்பு ஆருக்கும் குத்தினதோ?"

"இல்லை. அது ஒரு வட்டம்."

"ஐசே, வட்டம் கீறினதுக்கு ஆரும் நாட்டை விட்டு ஓடுவினமோ? உந்தக் கதையைச் சொன்னீரெண்டால் பிளேனுக்கு டிக்கெட்டை அவங்களே எடுத்துத் தருவாங்கள். முல்லாக்களின்ர நாட்டில என்ன வாக்குப் பெட்டி? கேக்கிறவன் சிரிப்பான். தேர்தல் கதையை விடும். காகிதத்தையும் காட்டாதையும்."

அவர் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு, "நீங்கள் முப்பத்தெட்டு வருடம் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அதுதான் பிள்ளை நடந்தது. எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன்.

மாமா


ஹனோவர்
2 ஒக்டோபர் 2024

மாமா,

நேற்று வழக்குப் பதிவாகிவிட்டது. இன்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பெஹ்ரூஸோடு இரண்டு மணி நேரம் தொலைபேசியில் பேசினேன். முதல் அரை மணி நேரம் அவர் உங்கள் கதையையே ஒப்புவித்தார். நான், "அந்த வட்டத்தைச் சொல்லுங்கள்" என்றேன். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

நீங்கள் 'முல்லாக்களின் நாடு, என்ன வாக்குப் பெட்டி' என்று கேட்டீர்கள். அதிகாரியும் அதையேதான் மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் அந்த நாடு ஒன்றில் இதுவாக, இல்லாவிட்டால் அதுவாக இருக்க வேண்டும். அது இரண்டும் சேர்ந்தது. அங்கே ஜனாதிபதி உண்டு. நாலு வருடத்துக்கு ஒருமுறை சனம் வரிசையில் நின்று வாக்குப் போடுகிறது. பாராளுமன்றம் உண்டு, அது சட்டம் இயற்றுகிறது, அதற்குள் உண்மையான சண்டையும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மதத் தலைவர். படையும் நீதித்துறையும் அவருக்குக் கீழே. அவருக்கு நாலு வருடக் கணக்கு இல்லை.

இரண்டையும் சேர்த்துத் தைப்பது காவலர் சபை. பன்னிரண்டு பேர். ஆறு மத அறிஞர்களைத் தலைவர் நியமிக்கிறார். மற்ற ஆறு சட்ட அறிஞர்களைப் பாராளுமன்றம் தெரிவு செய்கிறது. ஆனால் பெயர்களை முன்வைப்பது நீதித்துறையின் தலைவர், அவரை நியமிப்பதும் மதத் தலைவர்தான். பாராளுமன்றம் போடும் சட்டம் மதத்துக்கு ஒத்துவருகிறதா என்று இவர்கள் பார்க்கிறார்கள். யார் தேர்தலில் நிற்கலாம் என்றும் இவர்களே பார்க்கிறார்கள்.

பெஹ்ரூஸ் கரும்பலகையில் எழுதிய நாலு சொல்: மக்கள், அறிஞர் சபை, தலைவர், காவலர் சபை. மத அறிஞர்கள் இருக்கும் அறிஞர் சபையை மக்கள் தெரிவு செய்கிறார்கள். அறிஞர் சபை தலைவரைத் தெரிவு செய்கிறது. தலைவர் காவலர் சபையை அமைக்கிறார். அறிஞர் சபைக்கு யார் நிற்கலாம் என்று காவலர் சபை மக்களுக்குச் சொல்கிறது. வட்டம் மூடிவிட்டது. பிறகு வகுப்பைக் கேட்டிருக்கிறார்: "இதில் தொடக்கப் புள்ளி எது?" ஒரு மாணவி எழுந்து "மக்கள்" என்றாள். "அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மக்களை நோக்கி வரும் அந்த அம்புக்குறியை மட்டும் சோக்குக் கட்டியால் இன்னொரு தரம் தடிப்பாகக் கீறினார். மணி அடித்தது. அவ்வளவுதான்.

யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த கிழமை ஆட்கள் பள்ளிக்கு வந்தார்கள். இரண்டு தரம் கூட்டிக்கொண்டுபோய் விசாரித்தார்கள். மூன்றாம் தரம் வரச் சொன்ன நாளில் அவர் எல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இதுதான் வழக்கு, மாமா. சதுக்கம் வேண்டாம், சிறை வேண்டாம். அந்த நிராகரிப்புக் காகிதம் ஒன்றே போதும். தேர்தலும் இருக்கிறது, அதன் வாசலில் மதத்தின் பெயரால் ஒருவரை மறிப்பதும் இருக்கிறது என்று அதிகாரியின் கேள்விக்கு அந்த ஒரு தாளே பதில் சொல்லும். அது உங்களிடம் இருப்பதாகச் சொன்னார். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளை விடுமுறை, இந்தக் கடிதம் பிந்தலாம். கிடைத்த மறுநாள் காலை தபால் நிலையத்தின் வாசலில் முதல் ஆளாக நில்லுங்கள்.

தேனுஜா


கெல்சென்கிர்ச்சன்
9 ஒக்டோபர் 2024

தேனு,

காகிதம் இல்லை.

மே மாதம் அதை நானே என் கையால் எட்டாகக் கிழித்து, எங்கள் வீட்டில் பழைய கடதாசி போடும் நீலத் தொட்டியில் போட்டேன். அவரிடம் இருந்தால் பதற்றத்தில் விசாரணையில் எடுத்து நீட்டிவிடுவார் என்று பயம். 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று சொல்லித்தான் வாங்கினேன். உன் கடிதம் வந்ததும் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். எழுந்து, நான் கொண்டுபோன சோற்றுத் தட்டை என் கையிலேயே திருப்பித் தந்தார். கதவைச் சாத்தினார். அன்றைய வெள்ளிக்கிழமைப் பந்திக்கும் அவர் வரவில்லை.

உன் அம்புக்குறிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லமுடியாது.

எங்கள் கோயில் சங்கம் ஜெர்மன் சட்டப்படி பதிவு செய்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல், இரகசிய வாக்கு, மூடிய பெட்டி, எல்லாம் உண்டு. ஆனால் யார் நிற்கலாம் என்று முதலில் ஐந்து பேர் கொண்ட மூப்பர் குழு பார்க்கும். மூப்பர் குழுவைத் தெரிவு செய்வது பெரிய ஐயர். பெரிய ஐயரை நியமிப்பது சங்கத் தலைவர். விரல் விட்டு எண்ணினேன். என் விரல் என் விரலிலேயே வந்து முட்டியது.

அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். போன வருடம் சுந்தரேஸ்வரி அக்கா மனுப் போட்டா. இருபது வருடம் கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவ. நாங்கள் நிராகரித்தோம். காரணம் எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து அழகானதென்று பேனாவை என்னிடம் தந்தார்கள். 'பக்தி போதாது' என்று எழுதினேன். அக்கா வாசலில் என்னை மறித்தா.

"கனகண்ணை, என்ர பக்தியை எந்தத் தராசில போட்டு நிறுத்தனீங்கள்?"

"அது குழுவின்ர முடிவு, அக்கா."

"குழுவுக்கு எழுதத் தெரியுமோ? உது உங்கட கையெழுத்தெல்லோ?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெஹ்ரூஸ் தம் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று சொன்ன அன்று எனக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருந்தால் வட்டம் கீறியதற்கா ஓடினாய் என்று கேட்டிருக்கமாட்டேன்.

இப்போது என்ன செய்வது? ஏதாவது சொல். ரைன் நதியை மறித்து மேற்கே திருப்பச் சொன்னாலும் செய்வேன்.

மாமா


ஹனோவர்
24 ஜனவரி 2025

மாமா,

நாலு கடிதம் போட்டிருந்தீர்கள். பதில் எழுத என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு நிர்வாக நீதிமன்றத்தில் விசாரணை. கரும்பலகைப் படத்தைத் தேட வேண்டாம் என்று பெஹ்ரூஸ் சொல்லிவிட்டார். யாரிடமிருந்து கேட்டாலும் கேட்ட இடத்தில் ஒரு பிள்ளை மாட்டிக்கொள்ளும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஆகவே நம்மிடம் ஒரு தாளும் இல்லை. எதிர்த்தரப்பிடம் பதினான்கு பக்கப் பொய் இருக்கிறது, அவருடைய வாயிலிருந்தே வந்தது. அவர் இனி உண்மையைச் சொன்னால், 'இது இரண்டாவது கதை' என்பார்கள்.

முதல் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்.

நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். என்ன நடக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன். பொய்யான கேஸ் எழுத உதவுவது இங்கே குற்றம். மூன்று வருடம் வரை தண்டனை இருக்கிறது. உங்கள் வயதுக்கு அபராதத்தோடு போகலாம், போகாமலும் இருக்கலாம். உங்களையே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறொரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், பெயர் கீழே தந்திருக்கிறேன். 1986இல் நீங்கள் இங்கே என்ன சொன்னீர்கள் என்றும் கேட்கலாம். சட்டப்படி அதனால் உங்கள் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது, காலம் கடந்துவிட்டது. ஆனால் விசாரணை திறந்த மண்டபத்தில் நடக்கும். ஊர் கேட்கும்.

சாட்சி சொல்ல வருவீர்களா? ஓம் அல்லது ஏலாது. ஒரு சொல் போதும். பத்துப் பக்கம் வேண்டாம்.

தேனுஜா


கெல்சென்கிர்ச்சன்
10 பெப்ரவரி 2025

தேனு,

ஏலாது.

ஒரு சொல் போதும் என்றாய். எனக்கு ஒரு சொல்லோடு கடிதம் முடிக்கத் தெரியாது.

சிறைக்குப் பயமில்லை. அங்கே போனால் மூன்று நாளில் சிறை அதிபரே என் கதை கேட்க நாற்காலி கொண்டுவருவார். எனக்குக் கிணற்றைப் பற்றிய பயம். இந்த ஊரில் நான் யார்? பாத்திரம் கழுவினேன், பிறகு தலையணை உறை தைக்கும் ஆலையில் மூட்டை கட்டினேன், இப்போது ஓய்வூதியம். கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் எந்த வீட்டு விழாவுக்குப் போனாலும் சின்னதுகள் காலைக் கட்டிக்கொண்டு 'கிணத்து மாமா' என்று கத்தும். அந்தக் கிணற்றை மூடிவிட்டால் பிறகு எந்த வாசலில் போய் நிற்பேன்?

நேற்று விடுதிப் பக்கம் போனேன். பெஹ்ரூஸ் யன்னலில் நின்றார். என்னைக் கண்டார். திரையை இழுக்கவில்லை, கையும் காட்டவில்லை. அவருடைய பயணப்பை யன்னலடியில் கட்டித் தயாராக இருந்தது.

என்னை மன்னிக்காதே.

மாமா


ஹனோவர்
17 பெப்ரவரி 2025

மாமா,

சரி.

நான் ஏன் சட்டம் படித்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எட்டு வயதில், கிணற்றுக்குள் இருந்த ஒருவரின் சத்தத்தை மேலே யாரோ கேட்டார்கள் என்பதை நம்பினேன். அதுதான் காரணம். அது பொய் என்று பதினைந்து வயதில் தெரிந்தது. அதற்குப் பிறகும் படித்தேன்.

11ஆம் தேதி நான் தனியாகப் பேசுவேன்.

தேனுஜா


கெல்சென்கிர்ச்சன்
12 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

ஏலாது என்று எழுதிய நான் நேற்று நீதிமன்ற வாசலில் வந்து நின்றதைக் கண்டதும் நீ கோப்பை மற்றக் கைக்கு மாற்றினாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தாய். சளித் தடிமனாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

என்ன சொன்னேன் என்று எனக்கே இன்றுதான் மெல்ல ஞாபகம் வருகிறது. எழுதினால் நிற்கும் என்றாயே, அதனால் எழுதி வைக்கிறேன். ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பதினான்கு பக்கத்தில் உங்களுடையது எவ்வளவு?" என்று, நான் கொண்டுபோய்க் கொடுத்த பிரதியைப் புரட்டியபடி அந்த நீதிபதி அம்மா கேட்டா.

"முழுக்க."

"இருபதாயிரம் பேர்?"

"முதல் ரெண்டாயிரம் எண்டுதான் எழுதினனான், அம்மா. சதுக்கம் வெறிச்செண்டு கிடந்துது. ஒரு பூச்சியம் போட்டன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள்தான். கோயிலில் இருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சுந்தரேஸ்வரி அக்கா கடைசி வாங்கில் இருந்தா.

"கிணறு?"

"அது என்ர பழைய கிணறு. இவருக்கு வாடகைக்குக் குடுத்தனான்."

"அப்படியானால் உங்கள் கிணறாவது உண்மையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நீ எழுதியிருந்தாய். அந்த அம்மாவும் சொன்னா. நான் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். அது கையோடு வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது, இது என் வழக்கமான அளப்பு அல்ல.

"இல்லை" என்றேன்.

பின்னால் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இவ்வளவு காலம் பொய் சொன்னவர் நீங்கள். இன்று சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்?"

"என்னை நம்பாதேங்கோ, அம்மா. நம்பினால் பிழைச்சுப் போகும். அவரிட்ட ஒரு சோக்குக் கட்டியைக் குடுங்கோ."

சோக்கு இல்லை. அந்த அம்மா தம்முடைய தாளையும் பேனாவையும் கொடுத்தா. பெஹ்ரூஸ் மேசைக்குப் போகும்போது என்னைக் கடந்துதான் போனார், பார்க்கவில்லை. முதல் இரண்டு சொல்லும் குனிந்தபடி எழுதினார். மூன்றாவது சொல்லில் நிமிர்ந்தார். நாலாவதில் அவர் ஆசிரியர் ஆகிவிட்டார், தேனு. மொழிபெயர்ப்பாளர் பிந்திப்போனார். எதிர்த்தரப்பு வக்கீல்கூடக் கழுத்தை நீட்டினார். பெஹ்ரூஸ் நீதிபதியைப் பார்த்தே கேட்டார்: "இதில் தொடக்கப் புள்ளி எது?"

அந்த அம்மா தாளைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தா. "மக்கள்" என்றா.

"அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார் அவர்.

தீர்ப்பு எழுத்தில் வரும் என்றார்கள். அதுவரை நான் எப்படி மூச்சு விடுவது என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் சுந்தரேஸ்வரி அக்கா பக்கத்தில் வந்து, "கோட்டு நல்லாத்தான் கிடக்கு. பொத்தானைப் பிச்சுப் போட்டியள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா. மூப்பர் குழுவில் இருந்து விலகுவதாக இன்று காலை எழுதிக் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டாலும் எடுத்திருப்பார்கள்.

மாமா


ஹனோவர்
28 மார்ச் 2025

மாமா,

இன்று தீர்ப்பு வந்தது. வென்றுவிட்டோம். அவரை அகதியாக ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு மேலே போக ஒரு மாதம் இருக்கிறது. போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நினைக்க மட்டுந்தான் முடியும்.

பெஹ்ரூஸிடம் சொன்னேன். தொலைபேசியில் அவர் அழுவது கேட்டது. பிறகு மூன்று கேள்வி கேட்டார், மூன்றும் மனைவியையும் மகளையும் எப்போது அழைக்கலாம் என்பது பற்றி. உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் உள்ளதை எழுதுகிறேன். விசாரணைக் குறிப்பு அரச வழக்கறிஞருக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு விரைவில் கடிதம் வரும். வந்ததும் திறக்காமல் வைத்திருக்க வேண்டாம்.

நீதிபதி உங்களை ஏன் நம்பினார் என்பதற்குத் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. உங்கள் பதினான்கு பக்கத்தில், ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஓர் இடம்: 'வீட்டைப் பூட்டிய பிறகு திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை.' இது மற்ற எதைப் போலவும் இல்லை என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். விசாரணை முடிகிற நேரம் இது யார் சொன்னது என்று கேட்டாரே. பெஹ்ரூஸ், "நான் இல்லை, என் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், நான் பூட்டவில்லை" என்றார். நீங்கள், "அது என்ர" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலும் அந்த இடத்தை விட்டுவிட்டீர்கள்.

எனக்குச் சொல்லுங்கள். இந்த முறை தொலைபேசியிலும் சொல்லலாம். எடுப்பேன்.

தேனுஜா


கெல்சென்கிர்ச்சன்
31 மார்ச் 2025

தேனு,

தொலைபேசியில் சொன்னால் வளர்ந்துவிடும். எழுதுகிறேன்.

1986 சித்திரை. என்னை ஒருவரும் துரத்தவில்லை. கிணற்றில் இறங்கவில்லை. துவக்கோடு யாரும் வாசலில் நிற்கவில்லை. அம்மா செத்து இரண்டு மாதம். உன் அம்மா கொழும்பில். பக்கத்து வீட்டுக்காரர் சண்டை வரப்போகிறதென்று முதல்நாளே போய்விட்டார்கள், அதற்கு அடுத்த வீட்டுக்காரரும். பயமாக இருந்தது, அவ்வளவுதான். பயந்தேன் என்று சொன்னால் இங்கே யார் வைத்திருப்பார்கள்? அதனால் பெரிதாகச் சொன்னேன். பிறகு அதை நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

பெஹ்ரூஸுக்கு எழுதும்போது ஒன்பதாம் பக்கத்தில் கை தானாக அதை எழுதிவிட்டது. அழிக்க நினைத்தேன், அழிக்கவில்லை.

வீட்டைப் பூட்டினேன். திறப்பைக் கொடுக்கத் தெருவில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நடந்தேன். அது நடந்தது, பிள்ளை. அது மட்டும் நடந்தது.

மாமா